நனையும் பாறை, நனையாத இலை

புதுக்கோட்டை நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், செம்மண்ணும் முட்புதரும் நிறைந்த வறண்ட பூமியின் நடுவே நீண்டு கிடக்கும் சித்தன்னவாசல் மலைக்கு வந்து போன அறிஞர்கள் அநேகர். மலைமேல் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகையிலே சமண முனிவர்களுக்காக மெருகிட்டு வைத்த 17 கற்படுக்கைகளையும், அங்கே கி.மு. 1-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டையும், மலைச்சரிவில் குடைந்தெடுத்த அறிவர் கோயிலையும், அக்கோயிலின் விதானத்தில் எழுதிய தாமரைத் தடாகத்தையும் பற்றிச் சரித்திரக்காரர்களும் கலை விமரிசகர்களும் நிரம்ப எழுதியிருக்கிறார்கள். அவர்கள் தொடாமல் விட்ட ஒரு விஷயத்தை, பௌதிக சாஸ்திரத்துக்கு உரிய ஒரு சிறு விஷயத்தை, இங்கே எடுத்துக்கொள்கிறேன். திடப்பொருள் ஒன்றின்மேல் நீர் பட்டால் அது பரவி நனைப்பதும், திரண்டு உருண்டு ஓடிவிடுவதும் எதனால் என்பதும், அதிலே அப்பொருளின் மேற்பரப்பு கரடாக இருப்பதற்கும் வழவழப்பாக இருப்பதற்கும் உள்ள பங்கு என்ன என்பதுமே அந்த விஷயம். கரட்டுப் பாறை, மெருகிட்ட கல், சுண்ணாம்புப் பூச்சு, தாமரை இலை ஆகிய நான்கையும் ஒரே மலையில் நினைக்க வைக்கும் ஸ்தலம் இதைப்போல் வேறொன்று எனக்குத் தெரியாது.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் முதல் தூறல் விழும்போது கருங்கல் பாறையைக் கவனித்தவர்கள் இதை அறிவார்கள்: உளியே படாத கரட்டுப் பகுதியில் விழுந்த துளி, விழுந்த கணத்திலேயே தன் வடிவத்தை இழந்து, கல்லின் மேடுபள்ளங்களின் ஊடே நாலாபுறமும் ஊர்ந்து, தன்னினும் பலமடங்கு அகலமான ஒரு கரிய ஈரத் திட்டாக மாறிவிடுகிறது. அதே கல்லை வழவழப்பாகத் தேய்த்து மெருகேற்றிய இடத்திலோ, துளி தாழ்ந்த வில்லை போன்ற வடிவத்தில் சற்றே நின்று, தன் விளிம்பை நம் கண்ணுக்குக் காட்டுகிறது. கல் ஒன்றே, நீரும் ஒன்றே. வேறுபட்டது கல்லின் முகம் மட்டுமே. இதிலிருந்து, கரடு நீரை வரவேற்கிறது, வழவழப்பு நீரைத் தள்ளுகிறது என்று ஒருவர் முடிவு கட்டிவிடலாம். அப்படி முடிவு கட்டியவர் தாமரைக் குளத்தின் கரைக்குப் போனால் திகைத்துப் போவார். ஏனெனில், நீர் சிறிதும் ஒட்டாத அந்த இலையின் மேற்புறத்தை நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தால், மெருகிட்ட கல்லைவிட அது எத்தனையோ மடங்கு கரடானது என்று தெரியவரும்.

இந்த முரண்பாட்டை அவிழ்ப்பதற்கு, கரட்டை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, முழுக்க முழுக்கச் சமமான ஒரு பரப்பில் துளி எப்படி நிற்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். நீரின் அணுத்திரள்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்வதால், நீரின் மேற்பரப்பு எப்போதும் தன்னைச் சுருக்கிக்கொள்ளவே முயல்கிறது. பரப்பு இழுவிசை எனப்படும் இந்தச் சக்தி, சாதாரண வெப்பநிலையில் நீருக்குச் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 72 டைன். திடப்பொருளும் நீரைத் தன்பால் இழுக்கிறது. திரண்டு நிற்கச் சொல்லும் உள்ளிழுப்பும், பரவச் சொல்லும் வெளியிழுப்பும் சமமாகும் நிலையில், துளியின் விளிம்பு திடப்பொருளோடு ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நிலைபெறுகிறது. இதுவே தொடுகோணம். கண் மருத்துவமும் பௌதிகமும் எகிப்தியச் சித்திர எழுத்தும் ஒருங்கே பயின்ற தாமஸ் யங் என்னும் ஆங்கில மேதை, திரவங்களின் ஒட்டும் தன்மையைப் பற்றி 1805-இல் வெளிவந்த தம் கட்டுரையில், இந்தக் கோணம் அந்தந்தத் திடப்பொருளுக்கும் திரவத்துக்கும் உரிய மாறாத இயல்பு என்பதைச் சமன்பாடு ஒன்றும் எழுதாமல் வெறும் வசனத்திலேயே நிலைநாட்டினார். கோணம் 90 பாகைக்குக் குறைந்தால் அது நீரை விரும்பும் பொருள்; மிகுந்தால் நீரை வெறுக்கும் பொருள். சுத்தமான கல்லும் சுண்ணாம்பும் கண்ணாடியும் முன்னைய இனம். மெழுகுவர்த்தியின் மெழுகு பின்னைய இனம். அதன் வழவழப்பான பரப்பில் நீரின் தொடுகோணம் ஏறத்தாழ 110 பாகை.

மனிதன் எவ்வளவு சிரமப்பட்டு ரசாயனப் பூச்சுக்களைச் செய்தாலும், சமமான பரப்பில் நீரின் தொடுகோணத்தை ஏறத்தாழ 120 பாகைக்கு மேல் உயர்த்த முடியவில்லை. தாமரை இலையிலோ அது 160 பாகையை எட்டுகிறது. அந்த எஞ்சிய 40 பாகையும் கரட்டின் கொடை.

அந்தக் கொடையின் கணக்கை முதன்முதலில் எழுதியவர் அமெரிக்காவின் ராபர்ட் வென்செல். துணிகளில் நீர் ஏறாதபடி செய்யும் முறைகளின் பின்னணியில், 1936-இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் சாரம் மிக எளியது. ஒரு சதுர அங்குலக் கரட்டுப் பரப்பில், மேடுபள்ளங்களையெல்லாம் இழைத்து விரித்து அளந்தால், உண்மையில் ஒரு சதுர அங்குலத்துக்கு மேல் இருக்கும். நீர் அந்த மடிப்புகளுக்குள் முழுவதும் இறங்குமானால், திடப்பொருளோடு அதற்கு உள்ள ஸ்பரிசம் அந்த அளவுக்குப் பெருகுகிறது. ஸ்பரிசம் பெருகவே, அப்பொருளின் சுபாவம் எதுவோ அதுவும் பெருகுகிறது. சமமான நிலையில் 60 பாகை காட்டும் ஒரு பொருளின் உண்மைப் பரப்பைக் கரட்டினால் இருமடங்காக்கினால், வென்செலின் கணக்குப்படி கோணம் பூஜ்யமாகி, துளி முழுவதும் பரவிப்போகும். 110 பாகை காட்டும் மெழுகை அதே அளவு கரடாக்கினால், கோணம் 133 பாகையாக உயரும். ஆகவே கரடு நீருக்கு நண்பனும் இல்லை, பகைவனும் இல்லை. ஏற்கெனவே உள்ள நட்பையும் பகையையும் அது மிகைப்படுத்துகிறது. கருங்கல் நீரை விரும்புவது. கரட்டுக் கருங்கல் நீரை மிகவும் விரும்புவது. நம் பாறையின் புதிர் இவ்வளவில் தீர்ந்துவிடுகிறது. பௌதிகத்தில் இத்தனை சிறிய வாக்கியம் இத்தனை காட்சிகளை விளக்குவது அபூர்வம் என்பது என் எண்ணம்.

அறிவர் கோயிலைக் குடைந்தவர்களும் அதற்குப் பூச்சிட்டவர்களும் இந்தக் கணக்கை அறிந்திருக்கவில்லை. ஆனால் அதன் பயனைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தார்கள். அவனிபசேகரன் என்னும் சிறப்புப் பெயருடைய பாண்டியன் ஸ்ரீவல்லபன் ஆண்ட 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இக்கோயிலின் அர்த்த மண்டபத்தைப் புதுக்கி முகமண்டபத்தை எடுப்பித்த செய்தியை இங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. உளிகொண்டு குடைந்த பாறை இயல்பாகவே கொத்துக் கொத்தான முகத்தை உடையது. அதன்மேல் அப்பிய ஈரச் சுண்ணாம்புச் சாந்து, நீரை விரும்பும் கல்லின் ஒவ்வொரு குழிக்குள்ளும் இறங்கி, அங்கேயே காற்றிலுள்ள கரியமில வாயுவை உண்டு மீண்டும் கல்லாக இறுகிவிடுகிறது. இக்காலத்துக் கொத்தனாரும், வழவழத்துப் போன பழைய சுவரில் புதுப் பூச்சு ஏற்றுவதற்கு முன் அதைக் கொத்திவிட்டு, தண்ணீர் அடித்து நனைத்துக்கொண்டுதான் கரணையை எடுக்கிறார். பிடிப்புக்குக் கரடு; கரட்டுக்குள் இறங்க ஈரம். ஓவியம் எழுதும் மேல்முகத்துக்கோ நேர்மாறான தேவை. அங்கே நேர்த்தியான சுண்ணாம்பை மெல்லிய படலமாகப் பூசி இழைத்தாலொழிய தூரிகையின் கோடு சிதறாமல் ஓடாது. வண்ணக் கரைசல், கரட்டின் வழியே கண்ட திசையில் கசிந்து பரவிவிடும். 1930-களில் சென்னை அரசாங்க அருங்காட்சியகத்தின் ரசாயன அறிஞர் எஸ். பரமசிவன் இவ்வோவியங்களின் பூச்சையும் வண்ணங்களையும் சோதித்து ஆராய்ந்ததுதான், நம் நாட்டுச் சுவரோவியங்களின் தொழில்நுட்பத்தைப் பற்றிய விஞ்ஞான ஆராய்ச்சிக்கு ஒரு நல்ல தொடக்கமாயிற்று.

இதே ஜில்லாவின் தென்பகுதியில், திருமயத்தை அடுத்த ராயவரம், கோனாபட்டு, கடியாபட்டி முதலிய நகரத்தார் ஊர்களில், நூறாண்டு கடந்த வீடுகளின் சுவர்கள் இன்றும் முகம் பார்க்கும்படி மின்னுகின்றன. பலமுறை அரைத்த சுண்ணாம்பைப் படிப்படியாக நேர்த்தி கூட்டிப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவையும் சேர்த்து, ஈரம் காயுமுன் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவர்கள் அவை. சுண்ணாம்பு நீரை விரும்புவதாகையால், அதைக் காப்பதற்கு வழி அதன் கரட்டையும் துளைகளையும் ஒழிப்பதே. ஈரத் துணியால் துடைத்தால் அழுக்கு நீங்கிப் போவதும், சாரல் பட்டாலும் சுவர் குடித்துவிடாமல் வழியவிடுவதும் அந்த மெருகின் பயன்கள். வென்செலின் வாக்கியத்தை இதைவிடத் தெளிவாகச் சுவரில் எழுதிவைக்க முடியாது.

ஆனால், தாமரை இலையை விளக்க வென்செல் மட்டும் போதாது. 133 பாகை வேறு, 160 பாகை வேறு. இந்த இடைவெளியை நிரப்பியவர்கள், இங்கிலாந்தில் கம்பளித் தொழில் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய காசி, பாக்ஸ்டர் என்னும் இருவர். வாத்தின் இறகு ஏன் நனைவதில்லை என்ற கேள்வியும் அவர்களுடைய ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தது. மேடுபள்ளங்கள் மிக நெருக்கமாகவும் நுணுக்கமாகவும் இருந்து, பொருளும் நீரை வெறுப்பதாக இருந்தால், நீர் பள்ளங்களுக்குள் இறங்காமல், பந்தற்கால்களின்மேல் விரித்த கீற்றைப்போல மேடுகளின் உச்சிகளில் மட்டும் தங்கிவிடுகிறது. கீழே பள்ளங்களில் காற்றே குடியிருக்கிறது என்று அவர்கள் 1944-இல் காட்டினார்கள். அப்போது துளியின் அடிப்பாகம் தொடுவது, சிறிது திடப்பொருளும் பெரிதும் காற்றும். காற்றோடு நீருக்கு ஒட்டுறவே இல்லை. துளியின் அடிப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு மட்டும் மெழுகைத் தொட்டு, எஞ்சிய ஒன்பது பங்கும் காற்றின்மேல் நின்றால், 110 பாகை மெழுகிலே கோணம் எவ்வளவாகும் என்று அவர்களுடைய சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் 159 பாகை என்று விடை வருகிறது. ஏறக்குறைய தாமரை இலையின் அளவே அது.

இலையின் உண்மை அமைப்பைக் கண்ணால் கண்டு கூறியவர், ஜெர்மனியின் பான் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாவர சாஸ்திரி வில்ஹெல்ம் பார்த்லாட். எலெக்ட்ரான் நுண்நோக்கியில் பல்லாயிரம் இலைகளை ஆராயப் புகுந்த அவருக்கு, வழவழப்பான இலைகளையே ஒவ்வொரு முறையும் கழுவித் துடைக்க வேண்டியிருந்தது என்பதும், கரடான இலைகள் கழுவாமலே சுத்தமாக இருந்தன என்பதும் முதலில் வியப்பாயின. அவரும் உடன் ஆராய்ந்த நைன்ஹுயிஸ் என்பவரும் சேர்ந்து 1997-இல் வெளியிட்ட கட்டுரை, தாமரையின் பரிசுத்தத்தையே தலைப்பில் கொண்டது. இலையின் மேற்புறத்தில், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள கூம்பு போன்ற புடைப்புகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின்மேல், அவற்றினும் நூறு மடங்கு நுண்ணிய மெழுகுக் குழல்கள் பஞ்சுபோல் அடர்ந்திருக்கின்றன. கரட்டின்மேல் கரடு! இந்த இரட்டைக் கரடுதான் துளியின் கீழ்க் காற்றை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. இலையோடு அரைகுறையாக ஒட்டியுள்ள தூசியின் துகள், உருண்டோடும் துளியோடு நன்றாக ஒட்டிக்கொண்டு போய்விடுகிறது. அதனால் சேற்றுக் குளத்தில் பிறந்த இலை ஒவ்வொரு மழையிலும் குளித்தெழுகிறது. இந்த ஏற்பாட்டுக்கு உயிர்க் காரணமும் உண்டு. தரையில் வளரும் பெரும்பாலான செடிகளைப்போல் அல்லாமல், தாமரைக்கு மூச்சுத் துளைகள் இலையின் மேற்புறத்திலே இருக்கின்றன. அங்கே நீர்ப் படலம் படிந்தால் இலைக்கு மூச்சு அடைபட்டுவிடும்.

பற்றற்ற வாழ்வுக்குத் தாமரை இலை நீரை உவமை சொல்வது நம் நாட்டில் சமயபேதம் இல்லாத மரபு. பவ்வியர்கள் எனப்படும் சமண அடியவர்கள் மலர் கொய்ய, மீனும் வாத்தும் யானையும் எருமையும் விளையாட, தாமரை இலைகள் விரிந்து நிற்கும் அறிவர் கோயில் விதானத்துத் தடாகத்தை, நீரை உண்டு பிடித்துக்கொள்ளும் சுண்ணாம்பின்மேல், நீரில் கரைத்த வண்ணம் கொண்டு எழுதியிருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு ஒரு தனியான ஆனந்தம் உண்டாகிறது. ஈரத்தை ஏற்கும் கரடும் ஈரத்தை விலக்கும் கரடும் அங்கே ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன: ஒன்று பொருளாக, ஒன்று சித்திரமாக.

விஞ்ஞானத்தில் எந்தச் சமன்பாடும் கேள்வியின்றி நிலைப்பதில்லை. 2007-இல் காவோ, மெக்கார்த்தி என்னும் இரு ரசாயனர்கள், வென்செலும் காசியும் தவறு செய்தார்கள் என்று தலைப்பிலேயே அறைகூவி ஒரு கட்டுரை எழுதினார்கள். துளியின் அடிவயிற்றுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது முக்கியமன்று. அதன் விளிம்புக் கோடு எந்தப் பரப்பின்மேல் நகர்கிறதோ அதுவே கோணத்தை நிர்ணயிக்கிறது என்பது அவர்கள் வாதம். துளியின் நடுப்பாகத்தின் கீழ் மட்டும் வேறு பொருளையோ கரட்டையோ வைத்துச் செய்த பரிசோதனைகளில் தொடுகோணம் சிறிதும் மாறவில்லை என்று அவர்கள் காட்டினார்கள். பரப்பு முழுவதும் ஒரே சீரான கரடாக இருக்கும்வரை இரு கட்சியின் கணக்கும் ஒரே விடையைத் தருவதால், பழைய சமன்பாடுகளைத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆனால் துளியின் விளிம்பில்தான் சூட்சுமம் இருக்கிறது என்பதை மறக்காமல் அவற்றைக் கையாள வேண்டும் என்பதே நியாயமான தீர்ப்பு.

விளிம்பின் சூட்சுமம் வேறொரு வகையிலும் புலப்படும். கோணம் பெரிதாக இருப்பதாலேயே துளி உருண்டோடும் என்பதில்லை. ரோஜா இதழின்மேல் நிற்கும் துளி ஏறக்குறைய உருண்டையாகவே இருக்கும். இதழைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாமல் தொங்கும். அங்கே நீர் பெரும் பள்ளங்களில் இறங்கி, நுண்பள்ளங்களில் மட்டும் காற்றை விட்டு வைத்திருக்கிறது என்று கருதுகிறார்கள். தாமரை இலையும் எக்காலத்திலும் வெல்ல முடியாததன்று. நீராவி பட்டு இலைமேலேயே பனித்துளியாகத் திரளும் நீர், காற்று இருக்க வேண்டிய பள்ளத்துக்குள்ளேயே பிறப்பதால், அங்கேயே ஒட்டிக்கொண்டுவிடுகிறது. மேலிருந்து விழும் மழைக்குத்தான் அந்த இலை அரண்.

உழவர்களுக்கு இந்த அரண் ஒரு தொல்லை. நெல்லின் இலையும் சேம்பின் இலையும் நீரை விலக்குவதில் தாமரையின் இனத்தவையே. அவற்றின்மேல் தெளித்த மருந்து முத்து முத்தாக உருண்டு மண்ணில் விழுந்துவிடும். வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கும்போது அதனோடு சிறிது சோப்புக் கரைசலைக் கலப்பதும், கடையில் ஒட்டும் திரவம் என்று கேட்டு வாங்கிக் கலப்பதும் அதனால்தான். சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடுகிறது. இழுவிசை குறைந்த நீர், புடைப்புகளின் உச்சியில் தங்காமல் காற்றை வெளியேற்றி உள்ளே இறங்குகிறது. இறங்கியபின், விலக்கிக்கொண்டிருந்த அதே கரடு, இப்போது மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

மலையின் குகைகளுக்குத் திரும்பினால், நீரோடு கல் செய்த இன்னொரு சமரசத்தையும் குறிப்பிடாமல் இருக்க முடியாது. பாண்டி நாட்டின் பல சமணக் குகைகளில், வாயிலுக்கு மேலே பாறையின் நெற்றியில் நீளவாக்கில் ஒரு விளிம்பை வெட்டியிருப்பார்கள். மழைநீர் பாறையின் வளைந்த முகத்தில் இறங்கி வரும்போது, கல்லோடு அதற்குள்ள ஒட்டுறவினால், கூரையின் அடிப்புறத்தையும் தொற்றிக்கொண்டு உட்சென்று, படுக்கைகளின்மேல் சொட்டக்கூடும். வளைந்த முகத்தில் நீரின் விளிம்பு தன் தொடுகோணத்தை மாற்றாமலே வழுக்கிப் போகலாம்; கூரான முனையைத் திரும்பிக் கடக்க வேண்டுமானாலோ, அம்முனை எவ்வளவு பாகை திரும்புகிறதோ அவ்வளவும் அதன் கோணம் உயர வேண்டும். அது உயர்வதற்குள் நீர் திரண்டு கனத்து முனையிலிருந்தே கீழே விழுந்துவிடுகிறது. உயரமான மாடிவீடுகளின் சன்னல் தளங்களுக்கு அடியில் இன்றைய கட்டடக்காரர் இழுக்கும் சிறு பள்ளமும் இதே காரியத்தைச் செய்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதைச் செய்தவர்களுக்கு நாம் உரிய மரியாதையைச் செலுத்த வேண்டும்.

ஓவியங்களைக் காணப் போகும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மங்கிய பாறை ஓவியங்களின்மேல் நீர் தெளித்தால் வண்ணங்கள் சற்று நேரம் பளிச்சிடும் என்று கண்டு, அவ்வாறு செய்து பார்க்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. உலர்ந்த சுண்ணாம்பின் கரடு ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதால்தான் வண்ணம் வெளிறித் தெரிகிறது. நீர் அந்தக் குழிகளை நிரப்பியதும் சிதறல் குறைந்து, அடியிலுள்ள நிறம் ஆழ்ந்து விளங்குகிறது. ஆனால், குழிகளுக்குள் புகுந்த நீர், பூச்சிலும் பாறையிலும் உள்ள உப்புக்களைக் கரைத்துக்கொண்டு, உலரும்போது அவற்றை மேற்பரப்புக்கு அருகே கொண்டுவந்து படிகமாக்கிவிடுகிறது. வளரும் படிகம் பூச்சைப் பெயர்த்துத் தள்ளும். சித்தன்னவாசலில் சுவர்களின் ஓவியங்கள் பெரும்பாலும் அழிந்து, விதானத்திலும் தூண்களின் மேற்பகுதியிலும் உள்ளவையே இன்று நமக்கு மிஞ்சியிருக்கின்றன. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள அந்தத் தடாகத்தின்மேல் ஈரக்கையோ, எண்ணெய்க் கையோ, ஒரு துளி நீரோ படாமல், கண்ணால் மட்டும் கண்டு வாருங்கள். உடன் வரும் குழந்தைகளுக்கும் அதன் காரணத்தைச் சொல்லிக் கொடுங்கள்.